நான்கு போல்ட்டும் ஒரு திருடனும்

டெல்லியில் ஜீப் வைத்திருப்பவருக்கு இரண்டு கவலைகள். இமாசலத்துச் சேற்றில் வண்டி புதைந்தால் எப்படி மீள்வது என்பது ஒன்று. மீட்கும் கருவியை யாரும் கழற்றிப் போகாமல் காலனித் தெருவில் எப்படி நிறுத்துவது என்பது மற்றொன்று.

முதல் கவலைக்கு மருந்து வின்ச். வண்டியின் முன்புறம் உட்காரும் மின்சார உருளை. அதில் சுற்றியிருக்கும் கயிற்றை எதிரே உள்ள மரத்தில் கட்டி சுவிட்சை அழுத்தினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலேறும். இரண்டாவது கவலைக்கு மருந்து தேடும்போதுதான் சிக்கல். அவசரத்தில் வாங்கும் மருந்து முதல் நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

ஏனென்றால், நடுத்தர அளவு வின்ச்சைப் பிடித்திருப்பது பெரும்பாலும் நான்கே போல்ட்டுகள். 254க்கு 114 மி.மீ. இடைவெளியில் நான்கு துளைகள். அவற்றில் 10 மி.மீ. போல்ட்டுகள். சுண்டுவிரலைவிடச் சன்னமானவை. 9,500 பவுண்டு வின்ச் என்றால் சுமார் 4,300 கிலோ இழுவிசை. அத்தனையும் இந்த நான்கின் வழியாகத்தான் சட்டத்துக்குப் போகிறது. அதே நான்கை, கை எட்டும் இடத்தில் இருந்தால், 17ஆம் நம்பர் ஸ்பேனரோடு வரும் எவனும் சில நிமிடங்களில் கழற்றிவிடலாம்.

எனவே ஜீப்காரர் உதிரிபாகங்களுக்குப் பேர்போன காஷ்மீரி கேட்டுக்குப் போய், "திருட முடியாத போல்ட் இருக்கிறதா?" என்று கேட்கிறார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கிறார். நட்சத்திரக் குழிக்கு நடுவே ஆணி முளைத்த ஒரு வகை. முடுக்க மட்டும் இடம்கொடுத்து, கழற்ற விடாத இன்னொரு வகை. இறுகியதும் தலை ஒடிந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் மொழுமொழுவென்று நிற்கும் நட்டு. பெரும்பாலும் பளபளக்கும் எவர்சில்வர். அவர் மகிழ்ந்துபோய்ப் பணத்தை எடுக்கிறார். "இது எவ்வளவு தாங்கும்?" என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

விடை போல்ட்டின் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. 8.8 என்றால் முதல் எண், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ விசையில் அறும் என்று சொல்கிறது. அடுத்த எண், அதில் 80 சதவீதத்திலேயே, அதாவது 64 கிலோவில், நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும் என்கிறது. 10.9 போல்ட் 100 கிலோவில் அறும். 90 கிலோவில் நீளும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 ரக எவர்சில்வரோ 70 கிலோ தாங்கினாலும், 45 கிலோவிலேயே இளகிவிடும். துருப் பிடிக்காது என்பது உண்மைதான். டம்ளருக்கு அது போதும்.

அறுவது மட்டுமல்ல, நீளுவதும் ஆபத்து. வின்ச்சை நகராமல் வைத்திருப்பது போல்ட் இறுக்கிப் பிடிக்கும் பிடி. போல்ட் சற்றே நீண்டால் பிடி தளர்கிறது. தளர்ந்த வின்ச் ஒவ்வொரு இழுப்பிலும் அசைந்து போல்ட்டைப் பக்கவாட்டில் வெட்டப் பார்க்கிறது. திருட்டுத் தடுப்பு போல்ட்டுகளில் பல, குமிழ் போன்ற தட்டைத் தலை கொண்டவை. அந்தத் தலை மெலிந்திருப்பதால், அதே ரகத்தின் முழுத்தலை போல்ட் தாங்கும் பாரத்தை அது தாங்குவதில்லை.

அப்படியானால் ஆக வலுவான 12.9 வாங்கலாமே? அங்கும் ஒரு கண்ணி உண்டு. அவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன், முறையாக வெளியேற்றப்படாவிட்டால் போல்ட்டை நொறுங்கும் தன்மை கொண்டதாக்கிவிடும். முன்னறிவிப்பே இல்லாமல் ஒடியும். "வெல்டிங் வைத்துவிடலாம் சார், எவன் கழற்றுவான்?" என்பார் மெக்கானிக். அந்தச் சூட்டில் போல்ட் பெற்ற பதம் போய்விடும். வின்ச் கையேடுகள் 8.8க்குக் குறையாத போல்ட் கேட்பதும், வெல்டிங் கூடாது என்று எச்சரிப்பதும் காரணத்தோடுதான்.

விடை எளியது: இரண்டு வேலைகளை ஒரே போல்ட்டின் தலையில் கட்டக்கூடாது. இழுப்பதற்கு, தயாரித்தவர் முத்திரையும் ரக எண்ணும் தலையில் உள்ள 8.8 அல்லது 10.9 போல்ட். இந்தியாவில் இதற்கு ஐ.எஸ்.1367 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. லூதியானா பட்டறைகள் இவற்றைக் குவிக்கின்றன. எண் இல்லாத போல்ட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி, நட்டின் மீதும் தகட்டின் மீதும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், தளர்வதைக் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

காவலுக்கு வேறு ஆள். போல்ட் தலைகளை மறைக்கும் ஓர் இரும்புத் தகடு; அந்தத் தகட்டைப் பிடிக்க அந்தப் பளபளக்கும் எவர்சில்வர் திருட்டுத் தடுப்புத் திருகு. பாரம் சுமக்காத இடத்தில் அது தாராளமாக இருக்கட்டும். ஆலன் தலை போல்ட்டாக இருந்தால், குழிக்குள் ஒரு பேரிங் குண்டைப் பசையிட்டு அடைக்கலாம். தேவைப்படும்போது சூடு காட்டினால் பசை இளகும்.

வின்ச்சைக் கண்ணில் படாமல் கம்பெனி பம்பருக்குப் பின்னால் மறைப்பது இன்னும் நல்லது. வண்டியின் முன்னால் இஷ்டத்துக்கு இரும்புத் தடுப்பு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மீறுவதாகும் என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதையும் மறக்க வேண்டாம்.

எந்தப் பூட்டும் நேரத்தைத்தான் வாங்கித் தரும். ஆணி முளைத்த திருகுக்கு ஏற்ற முனைகள் சாதாரணக் கருவிப் பெட்டிகளிலேயே கிடைக்கின்றன. தயாராக வந்தவனைத் திருகு தடுக்காது. போகிறபோக்கில் கை வைப்பவனைத் தடுக்கும். தெருவில் நிறுத்துபவருக்கு அதுவே பெரும் லாபம்.

மலையில் கணக்கு வேறு. வின்ச் உள்ள வண்டியைத்தான் மற்றவர்கள் கூப்பிடுவார்கள். சரிவில் தொங்கும் முன்பின் தெரியாத குடும்பத்தின் காரும் அந்த நான்கு போல்ட்டை நம்பித்தான் கயிற்றில் கட்டப்படுகிறது. திருடன் கொண்டுபோனால் நஷ்டம் உரிமையாளருக்கு, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். போல்ட் விட்டுக்கொடுத்தால் விலை கொடுப்பவர், அதை வாங்கிய கடையைப் பார்த்தே இராதவராக இருக்கலாம்.