எட்டுக்குத் திரும்புவான்

ஒரு சிப்பாயின் மேல் கண் குறியை வைத்துச் சொடுக்கினால் அவன் பார்வை பச்சை விசிறியாக விரியும். கிட்டத்தில் இளம்பச்சை, அதற்குள் எப்படி நுழைந்தாலும் மாட்டினோம். தூரத்தில் கரும்பச்சை, அங்கே தவழ்ந்து போனால் அவனுக்குத் தெரியாது. ஒரு நேரத்தில் ஒருவன் பார்வையைத்தான் திரை காட்டும். மற்றவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதை மனசிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். 'கமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸ்' ஆட்டத்தின் உயிரே அந்தக் கஞ்சத்தனத்தில்தான் இருந்தது என்று இன்றைக்கும் சண்டை போடுவேன்.

மாட்ரிட்டில் இருந்த பைரோ ஸ்டுடியோஸ் 1998-இல் உருவாக்கிய ஆட்டம் அது. புன்னைக்காயலுக்கு அது வந்து சேரச் சில வருடம் பிடித்தது. கப்பலில் வேலைபார்த்த பெரியம்மா மகன் லீவில் வந்தபோது ஒரு பென்டியம் த்ரீ வாங்கி வைத்தான்; கூடவே ஒரு கட்டு சிடி. உப்புக்காற்றில் பெட்டியின் பின்பக்கத் திருகாணிகள் சீக்கிரமே துருப்பிடித்துவிட்டன. பெரியம்மா பழைய சேலையைக் கிழித்து மானிட்டருக்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். அண்ணன் திரும்பவும் கப்பல் ஏறியதும் அது தெருப் பையன்களின் சொத்தாகிவிட்டது.

அப்போது எல்லோருக்கும் 'ஐ.ஜி.ஐ.' பைத்தியம். அதில் ஒளிந்தும் போகலாம். கோபம் வந்தால் சுட்டுக்கொண்டு ஓடவும் செய்யலாம். கமாண்டோஸில் ஓடினால் செத்தோம். இரண்டாம் உலகப்போர், ஆறு பேர், இருபது பணிகள். ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலைதான் தெரியும். கத்திக்காரன் மண்ணுக்குள் புதைந்து கிடப்பான். ஒற்றன் ஜெர்மன் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு எதிரிக்கு நடுவிலேயே நடப்பான். எங்களுக்குப் பிடித்தவன் டைவர். முதல் பணி நார்வேயில், குறுக்கே தண்ணீர். அவன்தான் முதுகில் சுமந்த ரப்பர் படகை ஊதி மற்றவனை அக்கரை சேர்க்க வேண்டும்.

கச்சான் காற்று கடுக்கிற ஆனி, ஆடியில் கடல் கலங்கிக் கிடக்கும். சங்கு குளிக்கப் போகிற மாமாவுக்கு வேலை இருக்காது. எங்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். டைவர் தண்ணீருக்குள் போனதும், "இவன் எப்பல மூச்செடுப்பான்?" என்றார். முதுகில் சிலிண்டர் இருக்கிறது என்று காட்டினேன். "அப்பஞ் சரி. பொழுதுக்கும் கெடக்கலாம்" என்றார், கொஞ்சம் இளக்காரமாக.

அந்த இளக்காரத்துக்குக் காரணம் உண்டு. தாத்தா முத்துக் குளித்தவர். கல்லைப் பிடித்து இறங்கி, மூச்சு முட்டும்போது கயிற்றை ஆட்டினால் மேலிருந்து இழுப்பார்கள். 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலடிப் பார்களில் முத்துச்சிப்பி இல்லாமல் போனது. மாமா தலைமுறைக்குச் சங்குதான். அவரும் மூச்சடக்கித்தான் தொழில் பழகினார். கம்ப்ரசர் குழாய் பிறகு வந்தது. மூச்சை எண்ணிப் பழகியவர் திரையிலும் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே, அவன் மூஞ்சிய என்னத்துக்குப் பாத்துக்கிட்டிருக்க? எண்ணு. எட்டுக்குத் திரும்புவான் பாரு."

திரும்பினான். காவல் சுற்றுகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் எண் இருந்தது. பாலத்துக்காரன் எட்டு, மேட்டில் நிற்பவன் பதினொன்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முதுகைக் காட்டுகிற இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மாமா வாய்விட்டு எண்ணுவார்; நான் மவுசைப் பிடித்திருப்பேன். முக்கால்வாசி முடிக்கையில் கரண்ட் போகும். ஒரு பணியை முடித்தால் அடுத்ததற்கு ஐந்தெழுத்துப் பாஸ்வேர்டு கிடைக்கும். அது நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போகும். ஆத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போய் ஏதாவது பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதே ஐந்தெழுத்தைத் தட்டினால், விட்ட இடத்திலிருந்து அங்கேயும் ஆடலாம்.

போன வருடம் சென்னையில் ஸ்டீமில் அந்த ஆட்டத்தை வாங்கி என் மடிக்கணினியில் ஏற்றினேன். திறந்ததும் சிரிப்பு வந்தது. காவல்காரர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். பச்சை விசிறி கண் இமைக்குமுன் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் வெட்டியது. ஆட்டத்தின் வேகம் அந்தக் காலத்துக் கணினியின் ஓட்டத்தை நம்பி அமைந்தது. இன்றைய இயந்திரத்தில் கட்டவிழ்ந்துவிடுகிறது. அழகாக்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 2018-இல் உரிமையை வாங்கிய ஜெர்மனியின் கலிப்ஸோ நிறுவனம் இரண்டாம் பாகத்தைப் புதுப்பித்து 2020-இல் விட்டது. 2025-இல் 'கமாண்டோஸ்: ஆரிஜின்ஸ்' என்று புதிதாகவே ஒன்று வந்தது. எனக்கு வேண்டியது பழைய பாலத்துக்காரன்.

டிஎக்ஸ்விண்ட் என்ற இலவச மென்பொருள் கைகொடுத்தது. பழைய ஆட்டங்களைப் புது விண்டோஸில் சன்னலுக்குள் அடக்கி ஓடவைக்கும். நேரத்தை நீட்டிக் கொடுக்கிற ஓர் அமைப்பும் அதில் உண்டு. எவ்வளவு நீட்டுவது என்று யார் சொல்வார்கள்? பாலத்துக்காரனை முன்னால் வைத்துக்கொண்டு எண்ணினேன். மூன்றுக்கே திரும்பினான். இன்னும் குறைத்தேன், ஐந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், காவல்காரன் எட்டிப்பார்க்கும் முன்பே சேமித்துவிட்டுக் குதிக்கலாமே, மாட்டினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்றான். அவன் ஆடுகிற ஆட்டங்களில் சேமித்து ஒரு நிமிடம் ஆனால் திரையே நினைவூட்டுகிறது. நான் பதில் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் எட்டு வந்தது.

அன்று இரவே மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். சங்குக்குப் போவதை அவர் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. பாலத்துக்காரன் அவருக்கு உடனே நினைவுக்கு வந்துவிட்டான்.

"எட்டு யாரு எண்ணுனா, நீயா?"

"ஆமா மாமா."

"நீ எப்பவும் வெரசா எண்ணுவல. இன்னும் கொஞ்சம் கொறச்சு வையி."