கல்லுக்கு வயசு சொல்றாங்க, எனக்கு?



எங்கள் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல் வைத்திருப்போம். நத்தை மாதிரி சுருண்டிருக்கும். எங்க அப்பாயி ஆடு மேய்க்கப் போனபோது ஓடையில் கிடைத்தது. போன மாதம் அதைச் சமூக அறிவியல் சாரிடம் காட்டினேன். "இது அம்மோனைட். கடலில் வாழ்ந்தது. நம்ம அரியலூர் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. இந்த இனம் சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்பே அழிந்துபோச்சு. அதனால் இந்தக் கல் அதைவிடப் பழசு" என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அப்பாயி சிரிக்கவே இல்லை. "கல்லுக்கு வயசு சொல்றாங்க, எனக்குச் சொல்ல மாட்டேங்கிறாங்களே பாப்பா" என்றாங்க.

அப்பாயிக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிக்கூடம் போனதும் இல்லை. ஆதார் அட்டையில் யாரோ 01.01.1968 என்று போட்டுவிட்டார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்தபோது, 60 வயசு ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள், "யாரும் பார்க்காமலே எப்படி சார் கல்லுக்கு வயசு சொல்றாங்க?" என்று கேட்டேன். "கார்பன் வச்சு" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். சார் இல்லை என்றார். கார்பன்-14 என்பது 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். சுமார் 50,000 வருஷத்துக்கு மேல் போனால் அளக்க மிச்சம் இருக்காது. கல்லுக்கு வேறு இரண்டு வழி இருக்கிறதாம்.

முதல் வழி, எது முந்தி எது பிந்தி என்று பார்ப்பது. மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படியும். புரளாமல் இருந்தால் அடியில் இருப்பதுதான் மூத்தது. ஆனால் இதில் வருஷக் கணக்கு வராது.

இரண்டாவது வழியில் வருஷம் வரும். எரிமலைச் சாம்பலில் சிர்க்கான் என்ற பொடிப் படிகங்கள் இருக்கும். அவை உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. யுரேனியம்-238 மெல்ல மெல்ல ஈயமாக மாறும். பாதி மாறவே சுமார் 447 கோடி வருஷம் ஆகும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயசு தெரியும். அம்மோனைட் உள்ள அடுக்குகளுக்கு நடுவில் சாம்பல் கிடைத்த இடங்களில் இப்படி அளந்திருக்கிறார்கள். அதே வகை அம்மோனைட் இன்னொரு ஊரில் கிடைத்தால் அதுவும் அந்தக் காலம்தான். 1956-ல் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயசு சுமார் 455 கோடி வருஷம் என்று சொன்னாராம்.

1956 என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மருதையாத்துல ரயில் கவுந்தப்ப நான் எங்கம்மா வயித்துல ஏழு மாசம்" என்று அப்பாயி அடிக்கடி சொல்வாங்க. அந்த விபத்து நடந்தது 1956 நவம்பர் 23. அப்படியென்றால் அப்பாயி பிறந்தது 1957 தை மாசம் வாக்கில்!

பெரிய அத்தையின் பள்ளிச் சான்றிதழையும் எடுத்துப் பார்த்தேன். அத்தை பிறந்தது 1976. ஆதார் அட்டைப்படி பார்த்தால், அப்பாயி எட்டு வயசிலேயே அத்தையைப் பெற்றிருக்கணும்!

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா மறுபடியும் மனு கொடுத்தார். அங்கே இருந்தவர் படித்துவிட்டு, "ரயில் வந்து சாட்சி சொல்லுமா?" என்று சிரித்தாராம். ஆனாலும் அத்தை சான்றிதழின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அரசு டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அப்பாயியைக் கூட்டிக்கொண்டு போகிறோம். கிடைக்குமா என்று தெரியாது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தப் புயலில், எந்த வெள்ளத்தில் பிறந்தார்கள் என்று கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள். கல் எத்தனை கோடி வருஷமானாலும் காத்திருக்கும். அப்பாயிகள் அப்படி இல்லை.



9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு