நீலம் படிந்த தொட்டி

எங்கள் வீட்டு மீன்தொட்டியின் நான்கு மூலைகளிலும், கண்ணாடிகளைப் பிணைக்கும் சிலிகான் பசையின் மேல், வெளிறிய நீலம் படிந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை அலங்காரம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நாங்களும் திருத்துவதில்லை. ஒரு நோயைத் தவறாகக் கண்டறிந்ததன் கறை அது.

சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஒன்றிலிருந்து இரண்டு தங்கமீன்களை வாங்கிவந்தோம். எட்டு மாதங்கள் எந்தக் குறையுமின்றிக் கழிந்தன. மாசி பிறந்த சில நாட்களில் ஒரு மீன் மற்றதை ஓயாமல் துரத்தத் தொடங்கியது, வயிற்றோரம் முட்டியது. உற்றுப் பார்த்தபோது, துரத்தும் மீனின் செவுள் மூடிகளில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளிகள். மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் வரிசையாகச் சில.

அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. படிக்கப் படிக்க, இது வெண்புள்ளி நோய்தான் என்று உறுதியாயிற்று. அதை உண்டாக்குவது ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் இருந்து தின்று வளரும். பருத்ததும் உதிர்ந்து தரையில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாய்ப் பிளந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தும். தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. நீந்தித் திரியும் அந்தச் சிறு இடைவெளியில்தான் கொல்ல முடியும். ஆகவே பல நாட்கள் விடாமல் மருந்திட வேண்டும். நீரைச் சூடாக்கினால் அதன் வாழ்க்கைச் சுழற்சி விரைவுபடும். இவ்வளவும் உண்மையே. எங்கள் மீனுக்கு அந்த நோய் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

மறுநாள் மெத்திலீன் ப்ளூ வாங்கிவந்து ஊற்றினோம். ஹீட்டரை 30 டிகிரியில் வைத்தோம். தண்ணீர் மைக்கூடுபோல் ஆயிற்று. நான்காம் நாள் இரண்டு மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒட்டுண்ணி செவுளுக்குள் புகுந்தால் மூச்சுத் திணறும் என்று படித்திருந்தோம். எனவே மருந்தைக் கூட்டினோம். புதிதாகத் தோன்றிய ஒவ்வொரு குறியும் நாங்கள் முன்பே எழுதிவைத்த தீர்ப்புக்குச் சாட்சி சொல்ல வந்ததாகவே பட்டது. "புள்ளிகள் ஏன் உடம்புக்குப் பரவவில்லை?" என்று எங்களில் ஒருவர் கேட்டதுண்டு. மற்றவர் படித்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி அந்தக் கேள்வியை அமர்த்திவிட்டார். கேட்டவர் யார், அமர்த்தியவர் யார் என்று வெளியில் சொல்வதில்லை என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

ஆறாம் நாள் காலை ஒரு மீன் மிதந்தது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தோம். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. இறந்தது துரத்தப்பட்ட மீன். புள்ளிகளோடு இருந்தது இன்னும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்களுக்கு முதல்முறையாக ஐயம் வந்தது.

ஒரு புட்டியில் தொட்டி நீரையும், கைபேசியில் மீனின் படத்தையும் எடுத்துக்கொண்டு கொளத்தூர் போனோம். கடைக்காரப் பெரியவர் படத்தை ஒரு நொடிதான் பார்த்தார்.

"இது நோயில்ல சார். ஆம்பள மீனு. சேர்ற பருவத்துல செவுள்ல இந்த மாதிரி முத்து போடும். வெண்புள்ளின்னா ரவையத் தூவுன மாதிரி வால், உடம்பு எல்லா எடத்துலயும் கன்னாபின்னான்னு இருக்கும்."

பிறகு புட்டியிலிருந்த நீரில் சில சொட்டு மருந்து விட்டுச் சோதித்தார். மஞ்சளாக இருக்கவேண்டியது கரும்பச்சையாயிற்று. அம்மோனியா.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எங்கள் மருந்து அந்த நுண்ணுயிர்களைக் கொன்றிருந்தது. சூடேறிய நீரில் உயிர்வளியும் குறைந்துபோயிருந்தது. நலமாக இருந்த இரண்டு உயிர்களை நோயாளிகளாக்கியது எங்கள் பராமரிப்பு.

பெரியவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம் தொட்டி ஒன்றிலிருந்து பழைய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். "அழுக்கா இருக்கேன்னு கழுவிடாதீங்க. அந்த அழுக்குதான் மருந்து" என்றார்.

ஹீட்டரை நிறுத்தினோம். தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றினோம். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் உப்பிட்டோம். நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும். சில நாட்கள் தீனியே போடவில்லை. எதையாவது செய்துகொண்டே இருக்கப் பழகிய எங்களுக்கு, தீனி டப்பாவைத் திறக்காமல் இருப்பதுதான் கடினமாயிருந்தது. ஐந்தாம் வாரத்தில் சோதனைக்குழாய் மஞ்சளாகவே நின்றது.

அந்த மீன் இன்னும் இருக்கிறது. துணைக்கு வேறொன்றை வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த மாசியிலும் அதன் செவுளில் முத்துக்கள் வந்தன. துரத்த எவருமின்றித் தொட்டியின் நீளத்தை அது அளந்துகொண்டிருந்தது. நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்தபடி, நாங்கள் இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.