பொறுத்தல்

எங்கள் வீட்டில் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் செபமாலை. அடுப்பில் உலை கொதித்தாலும், விருந்தாளி திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும், மறுநாள் பரீட்சை என்றாலும் இதில் மாற்றம் கிடையாது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். எங்கள் தெரு முழுவதும் வேதக்காரர்கள். பொழுதடைந்து கோவில் மணி மும்மூன்றாக அடித்து ஓய்ந்ததும் வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு எழும். திரு இருதயப் படத்துக்கு முன் விளக்கு, கீழே பாய். ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதியை அம்மா சொல்வாள். பின்பாதி ஐயாவும் நாங்களும். 53 மணி. என் தம்பி இருபதுக்குள் தூங்கிவிடுவான். முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க் கைகூப்பித் தோத்திரம் சொல்ல வேண்டும். ஐயா கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார். கரிசல் மண் வேலை செய்த விரல். நெற்றியில் உரசும்.

ஐயாவின் குரல் கனமானது. அதன் மேல் ஏறித்தான் எங்கள் குரல்கள் போகும். 1967இல், எனக்கு ஒன்பது வயதில், ஒரு ராத்திரி அந்தக் குரல் நடுவில் இல்லாமல் போயிற்று. பரலோக மந்திரத்தில் அன்றாட உணவைக் கேட்டு முடித்ததும் ஐயா நிறுத்திவிட்டார். தீமை செய்தவர்களைப் பொறுப்பது பற்றிய வாக்கியம் முழுவதும் எங்கள் பிள்ளைக் குரல்கள் மட்டும் தனியே போயின. சோதனை பற்றிய அடுத்த வாக்கியத்தில் ஐயா திரும்பவும் சேர்ந்துகொண்டார். ஒரு செபமாலையில் பரலோக மந்திரம் ஆறு தடவை வரும். ஆறு தடவையும் அப்படியே.

படுக்கையில் அம்மாவிடம் கேட்டேன். "ஐயாவுக்குத் தொண்டைக் கட்டு" என்றாள். அந்தத் தொண்டைக் கட்டு பதின்மூன்று வருஷம் இருந்தது.

காரணம் கிணறு. ஐயாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு. கமலையை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தார்கள். பாதிப் பணம் ஐயா கொடுத்தது; அம்மாவின் சங்கிலி அதில் போயிற்று. மின்சார இணைப்பு மூத்தவர் என்று பெரியப்பா பெயரில். மோட்டார் ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம் முறைத்தண்ணீர் இல்லை என்றாகிவிட்டது. அந்த வருஷம் எங்கள் மிளகாய் கருகியது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

பெரியப்பா வீடு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர். அந்த வீட்டுச் செபமாலை எங்களுக்குக் கேட்கும், எங்களுடையது அவர்களுக்கு. ஐயா மௌனமாகிற அதே இடத்தில் பெரியப்பா குரலை உயர்த்திச் சொல்வார். யாரை எதற்காகப் பொறுக்கிறார் என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது இல்லை. சேர்ந்து செபிக்கிற குடும்பம் சேர்ந்திருக்கும் என்று ஒரு வாசகம் எங்கள் கோவில்களில் உண்டு. பேட்ரிக் பெய்ட்டன் என்ற பாதிரியார் 1942இல் அமெரிக்காவில் தொடங்கிய குடும்பச் செபமாலை இயக்கத்துக்கு ஒரு விளம்பரக்காரர் எழுதிக் கொடுத்தது அது. நாங்கள் ஒரு சுவரின் இரு பக்கத்திலும் ஒரே நேரத்தில், ஒரே மந்திரத்தைச் செபித்தோம். சேர்ந்திருக்கவில்லை.

மௌனம் வீட்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஐயா நன்மை வாங்குவதையும் நிறுத்திவிட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். நன்மை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது தூணோரம் முழங்காலிலேயே இருப்பார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, பாஸ்கு காலத்தில், நன்மை வாங்கியாக வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. சிறிய ஊர். யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்பது பூசை முடியுமுன் தெருவுக்குத் தெரிந்துவிடும். சாமியார் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து பேசினார். "பொய் சொல்லிட்டு வாங்க மாட்டேன் சாமி" என்று மட்டும் ஐயா சொன்னார். பெரியப்பா வாரந்தோறும் வாங்கினார்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த காலத்தில் இந்த மௌனத்தை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அப்போது விசுவாசம் என்னிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. சண்டை ஒன்றுமில்லை, சட்டை சிறுத்துப்போவதுபோல. காம்யுவை ஆங்கிலத்தில் வாசித்திருந்தேன். ஐயா எனக்கு நேர்மையின் உருவமாக, சடங்கை உள்ளிருந்தே மறுத்த கலகக்காரராகத் தெரிந்தார். 'மௌனம்' என்று ஒரு கவிதை எழுதிச் சிறுபத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. நியாயந்தான். அந்தக் கவிதையில் ஐயா இல்லை, நான்தான் இருந்தேன். கலகக்காரர் தினமும் மாலை முழங்காலில் நிற்க வேண்டிய அவசியம் என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

1978இல் பெரியப்பா இறந்தார். ஐயா தூம்பாவுக்குத் தோள் கொடுத்தார். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் மரித்தோருக்கான செபம். இந்தப் பக்கம் அம்மா தொடங்கினாள். இன்றைக்கு ஐயா சொல்லிவிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். சொல்லவில்லை. ஆறு தடவையும் சொல்லவில்லை. அம்மா அழுதுவிட்டாள். "இன்னுமா?" என்றாள்.

"செத்தவனைப் பொறுக்கிறது லேசு. அவன் இருக்கும்போது பொறுத்திருக்கணும்" என்றார் ஐயா.

இதை எந்தச் சாமியாரின் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. மெட்ராசுக்கு வேலைக்கு வந்துவிட்டேன். 1980 கோடையில் அம்மாவிடமிருந்து ஓர் இன்லண்டு கடிதம், தங்கை கையெழுத்தில். பெரியம்மா வயலில் பருத்தி காய்கிறதாம். மோட்டார் எரிந்துவிட்டது. ஐயா அதைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய், தன் செலவில் காயில் கட்டி வந்து மாட்டிக் கொடுத்தாராம். முதல் தண்ணீர் பெரியம்மா வயலுக்கு. இதெல்லாம் ஒரு பக்கம். ஓரத்தில் இடம் தேடி ஒரு வரி: 'ஐயா இப்போ முழுசும் சொல்றாக.'

எங்கள் பழைய மந்திரங்களின் தமிழைக் கேலி செய்வது எளிது. சர்வேசுரன், பிரியதத்தம், இஸ்பிரீத்து சாந்து என்று அது ஒரு தனி பாஷை. பூசை 1960களின் நடுப்பகுதி வரை லத்தீனில் நடந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் அது புரியாது. ஆனால் வீட்டுச் செபம் என்றைக்கும் தமிழ். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் முதலில் செய்த காரியங்களில் ஒன்று மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாக்கியது. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல், 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', இந்த வகையைச் சேர்ந்ததுதான். கோவிலின் மொழி வேறு, வீட்டின் மொழி வேறாக நானூறு வருஷம் இருந்திருக்கிறது. விசுவாசம் வீட்டு மொழியில் வாழ்ந்தது.

அந்த வீட்டு மொழியில் ஒரு விசேஷம். லத்தீனில் எங்களை மன்னியும் என்ற வேண்டுதல் முதலில் வருகிறது. நாங்கள் பிறரை மன்னிப்பதுபோல என்பது பின்னால். தமிழ் வாக்கியம் அப்படி அமையாது. 'போல' முதலில் வந்தாக வேண்டும். நாம் செய்ததைச் சொன்ன பிறகுதான் கேட்க முடியும். ஐயா அந்த வாசலிலேயே நின்றுவிட்டார். இன்னொன்று, பழைய மந்திரத்தின் வினைச்சொல் பொறுத்தல். பிற்பாடு அதை மன்னித்தல் என்று மாற்றினார்கள். மன்னிப்பவர் சற்று உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கையை அசைத்தால் போதும். பொறுப்பவருக்கு முதுகு வேண்டும். பொறை என்றால் சுமை. குறளிலும் பொறையுடைமைக்கு உவமை நிலந்தான், தன்னைத் தோண்டுகிறவனைச் சுமக்கிற நிலம். ஐயா எரிந்த மோட்டாரை வண்டியில் ஏற்றியதை இப்போது இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர் முதலில் பொறுத்தார். பிறகு சொன்னார்.

இதையெல்லாம் பிறத்தியார் கதைபோல எழுத முடிந்தால் சௌகரியம்.

என் மனைவி விசுவாசி. சென்னையில் எங்கள் அடுக்ககத்திலும் மாலையில் செபமாலை உண்டு. நான் கூட உட்காருவேன் — பழக்கம், மரியாதை, கொஞ்சம் பாசாங்கு. 2014இல் என் மகள் எங்களிடம் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வேறு மதம். எனக்கு மதம் ஒரு பொருட்டில்லை என்று நாற்பது வருஷமாகப் பேசி வந்தவன் நான். அதனால் என் கோபத்துக்கு வேறு காரணம் கண்டுபிடித்தேன்: சொல்லவில்லையே என்று. ஏழு நாள் அழுத மனைவி எட்டாம் நாள் மகளின் கல்யாணப் போட்டோவைத் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவ சொல்லாமப் பண்ணினதுக்கு நாமளும் ஒரு காரணந்தான்" என்றாள். விசுவாசிக்கு எட்டு நாள். நவீன மனிதனான எனக்கு எட்டு வருஷம்.

அன்று மாலை என் குரல் அந்த இடத்தில் நின்றது. நான் நிறுத்தவில்லை, நின்றது. ஊரில் ஐயா விட்ட இடத்தைப் பிள்ளைகளின் குரல் நிரப்பியது. இங்கே இரண்டே பேர். பின்பாதிக்காரன் மௌனமானால் செபம் அப்படியே அறுந்து தொங்கும். மனைவி சிறிது காத்திருந்துவிட்டு என் பாதியையும் தானே சொல்லித் தொடர்ந்தாள். குறை சொல்லவில்லை. வியாழக்கிழமைகள்தான் சிரமம். 2002இல் போப் இரண்டாம் ஜான் பால் சேர்த்த ஒளியின் தேவ இரகசியங்கள் அன்றைக்கு. இரண்டாவது, கானாவூர்க் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு ஏசுவையும் அவர் தாயையும் அழைத்திருந்தார்கள். என்னை யாரும் அழைக்கவில்லை. இவ்வளவு அற்பமாக ஒருவன் முழங்காலில் இருந்துகொண்டே நினைக்க முடியும்.

விசுவாசத்தைக் கருத்து என்று எண்ணித்தான் நான் அதை விட்டேன். ஏற்பது, மறுப்பது என்ற அளவில் அது எனக்கு முடிந்துபோன விஷயம். ஆனால் வீட்டில் அது கருத்தாக இருந்ததே இல்லை. சோறு பொங்குவதுபோல, தண்ணீர் பாய்ச்சுவதுபோல ஒரு வேலை. அந்த வேலையில் தினமும் ஆறு தடவை ஒருவன் தன் குரலால் அளக்கப்படுகிறான். கடவுளை நம்பாத என்னால் அந்த வாக்கியத்தில் பொய் சொல்ல முடியவில்லை. இது எனக்கு விளங்காத விஷயம், விளக்கிவிடவும் விருப்பமில்லை.

2022இல் மகள் வந்தாள், ஆறு வயதுப் பையனோடு. மாலையில் பாய் விரித்ததும் அவனும் உட்கார்ந்தான். முடிந்ததும் மனைவி அவனை என் பக்கம் தள்ளி, "தாத்தாவுக்குத் தோத்திரம் சொல்லு" என்றாள். சொன்னான். அவன் நெற்றியில் கட்டைவிரலை வைத்தேன். பேனா பிடித்த விரல், உரசவில்லை.

"ஏன் தாத்தா நடுவுல நடுவுல நிறுத்தினீங்க?" என்றான்.

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஐயாவின் கதை தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன், பெருமையாக.

"தொண்டைக் கட்டு" என்றேன்.

இப்போது அவர்கள் மாதம் ஒரு தடவை வருகிறார்கள். மாப்பிள்ளையும் வருவார், செபம் முடிகிற வரை பால்கனியில் பேப்பர் வாசிப்பார். சில நாள் ஆறில் நாலு சொல்கிறேன். பழைய சொல்லைத்தான் சொல்கிறேன்.