குற்றாலச் சாரலும் கந்தூரிச் சோறும்

தென்காசி ரயிலடியில் இறங்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே குற்றாலத்துக்குப் பறந்து விடுகிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் முகத்தில் வந்து விழும்போது அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆயினும் அந்தக் கோபுரத்தின் முன் சற்றே நிற்கத்தான் வேண்டும். காசிக்குப் போக இயலாத தென்னாட்டாருக்காகக் காசியையே இங்கே கொண்டுவந்து வைத்தவன், பதினைந்தாம் நூற்றாண்டில் அரசாண்ட பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் சிதைந்து நெடுநாள் மொட்டையாய் நின்ற கோபுரம், ஒன்பது நிலைகளுடன் மறுபடி எழுந்து 1990-ஆம் வருஷம் கும்பாபிஷேகம் கண்டது.

குற்றாலநாதர் ஆலயத்தின் புராணம் இன்னும் விசேஷமானது. நின்ற திருக்கோலத்தில் இருந்த விஷ்ணுவை அகஸ்தியர் சிரசில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கிவிட்டாராம்! வழிபாடு மாறியதை மறைக்காமல் அதையே ஸ்தல மகிமையாகச் சொல்லிக்கொள்ளும் துணிச்சல் எத்தனை ஊர்களுக்கு உண்டு?

ஆனால் எல்லா மாற்றமும் முனிவர் கைபட்டு நொடியில் நிகழ்ந்து விடுவதில்லை. 1934-ஆம் வருஷம் ஹரிஜன யாத்திரையாகக் காந்தியடிகள் இங்கு வந்தார். சகல ஜாதியாரும் நீராட முடியாத அருவியில் தாமும் நீராடுவதில்லை என்று அவர் மறுத்துவிட்டதை இவ்வட்டாரத்தார் இன்றும் சொல்வார்கள். பாபத்தைப் போக்கும் தீர்த்தம் மனிதர்களைத் தரம் பிரிக்குமானால், அதன் புண்ணியந்தான் என்ன? 1947-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டம் ஆலய வாசல்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்தது. இப்போது ஆடி அமாவாசையன்று தர்ப்பணம் செய்ய வருகிறவரும், வெறும் உல்லாசத்துக்காக வருகிறவரும் ஒரே நீரின் கீழ் முண்டியடிக்கிறார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது பழைய சுகம். 2014-இல் நீதிமன்றம் எண்ணெயையும் சோப்பையும் அருவிக் கரைக்கு ஆகாது என்று தடுத்தது. நியாயமான தடைதான்.

குற்றாலத்தோடு திரும்பிவிடாமல் அம்பாசமுத்திரம் சாலையில் போனால், 1918 முதல் 1920 வரை பாரதியார் வசித்த கடையம் வரும். அதற்கடுத்தாற்போல் பொட்டல்புதூர். அங்குள்ள முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலின் தூண் மண்டபத்தைப் பார்த்தால், ஏதோ சிவாலயத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். ஆண்டவரின் சமாதி இருப்பதோ பாக்தாத் நகரில்! நேர்த்திக்கடன் செலுத்துவோரில் ஹிந்துக்கள் ஏராளம். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

இங்கே நடக்கும் கந்தூரி விழாவின் பெயர் கடல் தாண்டியும் வழங்குகிறது. ஜாவாத் தீவின் கிராமங்களில் அண்டை வீட்டார் பாயில் கூடி, அரபு மொழியில் பிரார்த்தித்து, சோற்றைப் பகிர்ந்து வீட்டுக்கும் எடுத்துச் செல்லும் சடங்குக்கு ‘கெண்டூரி’ என்றே பெயர். இரண்டும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. விருந்துக்கு விரிக்கும் துணியைக் குறித்த சொல் அது. நெல்லின் தேவியான ஸ்ரீயையும் முன்னோரையும் மறவாமலே அந்த ஜனங்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். இந்நாளில் சமைக்க நேரமில்லாத வீடுகளில் அரிசியும் முட்டையும் பையில் போட்டுக் கொடுக்கிறார்களாம். இவையெல்லாம் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை என்று கண்டிப்போர் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அவர்கள் வாதம் நூலறிவில் வலியதாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனோடு உட்கார்ந்து உண்பதை நான் விடமாட்டேன்.

பொட்டல்புதூர்க் கந்தூரி ரபியுல் ஆகிர் மாதத்தில் நடைபெறுகிறது. பிறைக் கணக்காதலால் வருஷந்தோறும் பத்துப் பதினோரு நாள் முந்தும். சாரலோடு சேர்ந்து வரும் வருஷம் பார்த்துப் புறப்பட்டால், ஒரே பிரயாணத்தில் அருவியும் ஆயிற்று, கந்தூரியும் ஆயிற்று.