உமிப் பையும் வரித்தலை வாத்தும்

கூந்தன்குளத்திற்கு வரித்தலை வாத்துகள் வந்துவிட்டன என்றும், அவற்றைப் படம் பிடிப்பதையே தவமாகக் கொண்ட ஒருவரை எனக்கு அறிமுகம் செய்துவைப்பதாகவும் திருநெல்வேலி நண்பர் சொல்லியனுப்பியதன் பேரில், 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் சுமார் 129 ஹெக்டேர் பரப்பே உடையதுமான அந்த நாங்குநேரிப் பக்கத்துக் குளக்கரைக்குத் தை மாதத்துக் கருக்கலில் நான் போய்ச் சேர்ந்தேன். பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது.

நண்பர் சொன்ன அண்ணாச்சி ஏற்கெனவே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கரையின் சரிவில் அமர்ந்திருந்தார். கல்யாண வீடுகளில் படம் எடுத்து ஜீவனம் நடத்துபவர். முகூர்த்தம் இல்லாத நாட்களெல்லாம் இந்தக் குளத்துக்கு உரியவை. அவருடைய கேமரா எவரோ உபயோகித்துக் கைமாற்றியது. ஆனால் என் கண்ணை முதலில் கவர்ந்தது கேமராவன்று; அதன் நீண்ட லென்ஸைத் தாங்கிக்கொண்டிருந்த, பழைய ஜமுக்காளத் துண்டில் தைத்து உமி நிரப்பிய ஒரு பை.

“மணலைப் போட்டா கனக்கும் ஸார், பொடி உள்ள போயி லென்ஸைக் கெடுத்துரும். உமின்னா பச்சப்புள்ளைக்குத் தலகாணி மாதிரி தானா குழிஞ்சு குடுக்கும்” என்றார். மூன்று கால் தாங்கியை விரித்து நிற்பவனைப் பறவை தூரத்திலேயே மனிதனென்று கண்டுகொள்ளும். மண்ணோடு மண்ணாகப் படுத்து, நீர்மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்துபவனுக்கே அதன் முகத்தை நேருக்கு நேர் காணும் பாக்கியம் கிட்டும் என்பது அவர் சித்தாந்தம். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்றாக இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டு, கறுப்பு வெள்ளையிலேயே வனவிலங்குகளைப் படம் பிடித்த மா. கிருஷ்ணன் இந்தப் பையைக் கண்டிருந்தால் அதைக் கையிலெடுத்து அழுத்திப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றிற்று.

லென்ஸின் துவாரம், ஷட்டரின் வேகம் என்று அண்ணாச்சி விரித்துரைத்த கணக்குகளில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. வெண்மையான தலை வெயிலில் வெளுத்து, அதன் மீதுள்ள இரண்டு கரும்பட்டைகள் மட்டும் அந்தரத்தில் நிற்காதபடி ஒளியைச் சற்றே குறைத்து வாங்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் தங்கிற்று. ஆனால் காற்றைப் பற்றி அவர் கூறியதை நான் மறக்க மாட்டேன். பறவை காற்றுக்கு முகங்கொடுத்தே தரையிறங்கும். இக்காலத்தில் வீசுவதோ வடகிழக்கு வாடை. ஆகவே காலையில் கிழக்குக் கரையில் அமர்ந்தவனுக்குச் சூரியன் முதுகுப்புறம் நிற்க, வாத்துகள் அவனை நோக்கியே இறங்கி வரும். அவர் சொன்னபடியே, இரவெல்லாம் வயல்களில் மேய்ந்த கூட்டம் கனத்த குரலெழுப்பிக்கொண்டு மேற்கு வானில் தோன்றி, ஒரு சுற்றுச் சுற்றி, கால்களை முன்னே நீட்டியவாறு எங்களுக்கு எதிரே நீரைக் கிழித்து அமர்ந்தது. ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் அவற்றுக்கு இடம் விட்டு விலகின. அண்ணாச்சியின் உதடுகள் மெல்ல அசைந்தன, எண்ணிக்கொண்டிருந்தார். அறுபத்துமூன்று.

நான் சற்றுப் புரண்டேன். உடனே நாலைந்து கழுத்துகள் கம்பமாய் நிமிர்ந்தன.

“தலை தூக்குச்சுன்னா நாம தப்புப் பண்ணிட்டோம்னு அர்த்தம் ஸார். மறுபடி குனியுற மட்டும் மூச்சுவிடப்படாது.”

திபெத்து, மங்கோலியா, லடாக்கு முதலிய உயர்நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இவ்வினம் இமயத்தைக் கடக்கையில் 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததை, அவற்றின் உடலில் பொருத்திய கருவிகளே பதிவு செய்திருக்கின்றன. கோடை பிறக்குமுன் அதே வழியே திரும்ப வேண்டிய பறவைக்கு இங்கே மேயும் புல்லும் கொள்ளும் ஓய்வும் வழிச்சோறு. அப்படியிருக்க, நகரத்திலிருந்து கேமராக்காரர்களைத் திரட்டிக் கொணரும் தரகர்கள், தலைக்கு ஆயிரக்கணக்கில் வசூலித்து, வழிகாட்டும் அண்ணாச்சிக்கு ஒரு நாள் கூலியைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, “பறக்கிற படம் வேண்டும், ஒரு கல்லை விட்டெறியும்” என்று கட்டளையிடுகிறார்களாம்! ஒரு விநாடிப் படத்துக்காக, மலையேற வேண்டிய உயிரின் கட்டுச்சோற்றைப் பறிப்பது திருட்டல்லாமல் வேறென்ன? அவர் மறுத்தார், அதன் பிறகு அந்தத் தரகர்கள் அவரை அழைப்பதில்லை. நாட்காட்டிக்கென்று அவர் படத்தை வாங்கியவர்களோ அவர் பெயரை அச்சிடவுமில்லை, பேசிய தொகையை முழுதாகத் தரவுமில்லை. உழைத்தவன் பெயரை மறைத்து அவன் படத்தைச் சுவரில் மாட்டி விற்கும் இந்த வியாபாரத்தை நினைக்கையில் எனக்கு இன்னமும் நெஞ்சு கொதிக்கிறது. அவரோ இதையெல்லாம் உமிப் பையின் பிரிந்த தையலை விரலால் நெருடியபடி, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

மூன்று மணி நேரத்தில் அவர் பதினொரு படங்களே எடுத்தார். வெயில் ஏறி ஒளி கடுமையானதும், வாத்துகள் முதுகுக்குள் அலகைச் செருகித் துயிலத் தொடங்கும்வரை காத்திருந்து, என்னையும் தவழச் சொல்லிப் பின்வாங்கினார். கரைக்கு அப்பால் இறங்கியபின் தலையை மட்டும் உயர்த்தி, உதடசைய மறுபடியும் எண்ணினார்.

“அறுபத்துமூணு” என்று சொல்லிப் பையைச் சைக்கிளில் கட்டினார்.