பேரிஜம்: படகில்லாத ஏரி

கோடைக்கானலுக்குச் சென்று திரும்பியவர்களிடம், அம்மலையில் எத்தனை ஏரிகள் உள என்று கேட்டால், ஒன்றே என்று தயங்காமல் விடையிறுப்பர். 1863ஆம் ஆண்டில், மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை ஓடையின் குறுக்கே கரையெழுப்பி உண்டாக்கிய விண்மீன் வடிவ ஏரியையே அவர்கள் கருதுகின்றனர். படகும், வாடகைச் சைக்கிளும், மட்டக்குதிரையும், சுட்ட சோளக்கதிரும் நிறைந்த அவ்வேரியை நாம் குறைவாக மதிக்கவில்லை. பங்குச் சிறுவர்களைப் பேருந்தில் அழைத்துச் செல்லும் எந்தக் குருவும் அதன் கரையிலே ஒரு பிற்பகல் முழுதும் தலைகளை எண்ணிக்கொண்டு நின்றிருப்பார். ஆனால் அங்கிருந்து மேற்றிசையில், காட்டுப் பாதையாக இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், இன்னுமோர் ஏரி இருக்கின்றது. அதன்மேல் ஒரு படகும் இல்லை. கரையில் கடையும் இல்லை. பேரிஜம் என்பது அதன் பெயர்.

அங்குச் செல்வதற்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். நாள் ஒன்றுக்குக் குறிப்பிட்ட அளவு வண்டிகளே விடப்படுகின்றன. யானை நடமாட்டம் இருந்தாலோ அதுவும் இல்லை. தூண் பாறையையும் பைன் தோப்பையும் கடந்து மோயர் முனைக்கு வந்தால் சோதனைச் சாவடி. கீழ்நாட்டிலிருந்து விடியலில் புறப்பட்டு வந்து, இங்கே திருப்பி அனுப்பப்படும் குடும்பங்கள் முணுமுணுப்பதுண்டு. நம் மனத்திற்கு இத்தடை நல்லதாகவே படுகின்றது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

சாவடியைத் தாண்டியதும் ஓசையே மாறிவிடுகின்றது. வழியிலே அமைதிப் பள்ளத்தாக்கு. மூடுபனி விலகும் அந்தச் சில நொடிகளில் அடிவாரத்துச் சமவெளி பாதாளத்தில் கிடப்பது போலத் தோன்றும். அப்பால் தொப்பி தூக்கிப் பாறை. கீழிருந்து ஏறிவரும் காற்று தலையிலுள்ளதைத் தூக்கி மேலே எறியும் என்பதால் அப்பெயர். நம் தலையில் அது தூக்குவதற்கு எதுவும் இல்லாமற்போயிற்று, முடியும் கூடத்தான். அதனையடுத்து மதிகெட்டான் சோலை. உள்ளே நுழைந்தவனுக்குத் திசை புலப்படாது மதி மயங்கும் என்பர். மிகைக் கூற்று என்று எண்ணிப் பாதையோரமாகப் பத்தடி உள்ளே சென்று பார்த்தோம். நண்பகலிலும் அந்தி போன்ற இருள். மரங்கள் உயரமானவையல்ல; குட்டையாக, முறுக்கேறி, தலையோடு தலை பொருந்தி நிற்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் பாசியும் பெரணியும் ஆர்க்கிடுச் செடியும் ஒட்டியிருக்கின்றன. காலடியில் இலைமக்கு மெத்தை போல அமுங்குகின்றது. அதில் கையை வைத்தால், மழை பெய்து பல நாட்கள் ஆகியும், ஈரம் கசிகின்றது.

பின்னர்ச் சாலை ஒரு வளைவு திரும்ப, கீழே ஏரி. கடல் மட்டத்திற்கு மேல் 2,150 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில், மலைமடிப்புகளுக்குள் கை விரல்களை நீட்டியது போலக் கிடக்கின்றது. ஒருபுறம் சோலை நீரின் விளிம்புவரை இறங்கி நிற்கிறது. மறுகரையில் காட்டெருமைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அவை நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் புல்லில் முகம் புதைத்தன.

இவ்விடத்திற்குப் பழைய வரைபடங்களில் ஹாமில்டன் கோட்டை என்று பெயர். கோட்டை கொத்தளம் எதுவும் இருந்ததில்லை. 1860களில் இம்மலைகளைச் சுற்றி ஆராய்ந்து சித்திரங்களும் தீட்டிய டக்ளஸ் ஹாமில்டன் என்னும் சென்னைப் படையதிகாரி இங்கே முகாமிட்டிருந்தார். தொல்பழங்காலத்தில் இப்பள்ளத்தாக்கில் பேரேரி ஒன்று இருந்து வடிந்திருக்கவேண்டும் என்று சேற்று நிலத்தின் அடையாளங்களைக் கொண்டு அவர் எழுதினார். இப்பொழுது நாம் காணும் ஏரி அதன் பின்னர் அணை கட்டி, மதகு வைத்து அமைக்கப்பட்டது. எனினும் புதிய நீர் பழைய படுக்கையிலேயே வந்து படுத்திருக்கிறது எனலாம்.

இங்கிருந்து சாலை மேற்கே மூணாற்றை நோக்கிச் செல்கின்றது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கரையிறங்குவர் என்னும் அச்சத்தால், கொச்சித் துறைமுகத்துக்குத் தப்பியோடும் வழியாக இது செம்மை செய்யப்பட்டதென்பர். 1990இல் இவ்வழியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இப்பொழுது அதன்மேல் புல்லும் யானைச் சாணமும்.

இனி, அந்த நீரைப் பற்றி. மலையுச்சியில் பனிக்கட்டி கிடையாது. மழையும் ஆண்டு முழுதும் பெய்வதில்லை. பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்றோடு வருகின்றது. அவ்வாறிருக்க, மாசியிலும் பங்குனியிலும் ஓடைகள் ஓடுவது எப்படி? விடை சோலையிலும் அதைச் சூழ்ந்த புல்வெளியிலும் இருக்கிறது. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல் என்று இம்மலை தானே பிரித்து வைத்திருக்கின்றது. தை மாதத்து உறைபனி திறந்த சரிவில் முளைக்கும் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லோ அதைத் தாங்கும். ஆகவே புல்வெளி என்பது மரமழிந்த பாழ்நிலமன்று. நீலகிரியில் இத்தகைய சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்தவர்கள், அங்கே புல் 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே இருந்ததைக் கண்டறிந்துள்ளனர். அப்புல் மழையைப் பருகி, தான் சிறிதே செலவிட்டு, மண்ணுக்குள் இறக்கிவிடுகின்றது. பள்ளத்துச் சதுப்பும் சோலையின் மக்கும் அதை வாங்கி வைத்திருந்து, கோடையில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன.

இதனை அறியாதவர்கள் வெள்ளைக்காரர் மட்டுமல்லர். மரமில்லாத மேட்டைத் தரிசு என்று எண்ணும் பழக்கம் நமக்கும் உண்டு. தோல் பதனிடுவதற்கு வேண்டிய பட்டைக்காக வாட்டில் மரமும், மரக்கூழுக்காக யூகலிப்டசும், இவற்றோடு பைனும் புல்வெளிகளில் வரிசை வரிசையாக நடப்பட்டன. சுதந்திரத்திற்குப் பின் அது இன்னும் பெருகிற்று. உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒருபுறம் ஏறின. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நாற்பது ஆண்டுகளில் மறைந்தது எனக் கூறுகின்றது. நம்மோடு வந்த வனக்காவலர் ஒரு பசுஞ்சரிவைக் காட்டி, அது பார்வைக்குத்தான் பசுமை என்றார். அவர் சிறுவராயிருந்தபோது அதனடியில் முழங்காலளவு ஓடை ஓடியதாம். நாம் இறங்கிப் பார்த்தோம். காய்ந்த சருகும் கூழாங்கல்லுமே இருந்தன.

அப்படியானால் அவற்றை வெட்டித் தள்ளிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நாமும் கேட்டோம். காவலர் சிரித்தார். "வெட்டினா இன்னும் அதிகமா வரும் சாமி" என்றார். வாட்டில் விதை பல்லாண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். மரம் வீழ்ந்து வெயில் பட்டதும், அல்லது தீப்பட்டதும், ஆயிரக்கணக்கில் முளைத்தெழும். மேலும், பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. கண்மூடித்தனமாக வெட்டினால் அவையும் மடியும். ஆகவே எஞ்சியுள்ள புல்வெளியில் வாட்டில் நுழையாதபடி முதலிற் காப்பது, புதுக் கன்றுகளைக் கையாற் பிடுங்குவது, பழைய தோப்புகளைப் பொறுத்திருந்து கையாள்வது என்பதே அறிந்தோர் பலருடைய கருத்து. மெதுவான வேலை. விழா எடுத்துக் கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வது போல இதில் விளம்பரமும் இல்லை. பங்குகளில் 'மரம் நடும் நாள்' கொண்டாடும் நாமும், எந்த மரம், எந்த மண்ணில் என்று கேட்காமலேயே கொண்டாடுகின்றோம்.

இம்மலையின் செடிகொடிகளை முறையாக எண்ணிப் பெயரிட்டு வைத்ததில் சேசு சபையாரின் பங்கு பெரிது. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி 1895இல் தொடங்கியதிலிருந்து, அங்குப் பயின்ற இளந்துறவிகள் ஓய்வு நேரத்தில் காடுகளைச் சுற்றி மாதிரிகள் சேர்த்தனர். அங்குள்ள அருங்காட்சியகம் அந்த உழைப்பின் விளைவு. அருட்திரு ஆங்கிலேட் அவர்கள் பூக்களை வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியில் இராப்பினாட் தாவரகம் நிறுவிய அருட்திரு கே. எம். மேத்யூ (1930–2004), பழனிமலைத் தாவரங்கள் அனைத்தையும் தொகுத்து 1999இல் பெருநூலாக வெளியிட்டார். குருமட நாட்களில், தத்துவப் பாடத்தினிடையே செடி பறிக்கச் செல்வோரை நாம் நேரம் வீணாக்குவோர் என்று எள்ளியதுண்டு. இன்றோ, எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது, எதை மீட்டு நடவேண்டும் என்று தேடுவோர்க்கு அந்த உலர்ந்த தாள்களே சாட்சி.

பேரிஜத்தின் நீர் எங்கே போகின்றது? தென்கிழக்கே மலையிறங்கிப் பெரியகுளத்திற்குப் போகின்றது. அவ்வூர் மக்கள் குடிப்பது இம்மலைத் தண்ணீரையே. அடிவாரத்தில் வராக நதியின் குறுக்கே 126 அடி உயரச் சோத்துப்பாறை அணை நிற்கின்றது. எஞ்சிய நீர் வயல்களைக் கடந்து வைகையைச் சேர்கின்றது. மோட்டார் சாலை வருமுன்னர்க் கோடைக்குச் சென்ற குருக்களும் கன்னியரும் பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, வெள்ளகவி வழியாக நடந்தும் டோலியிலுமே ஏறினர். அவர்கள் ஏறிய மலைமுகத்தில்தான் நீர் இறங்குகின்றது. சோதனைச் சாவடியின் தடையை நாம் நல்லதென்றது இதற்காகவே: பேரிஜத்தில் வீசப்படும் ஒரு பிளாஸ்டிக் உறை, கீழே ஒரு வீட்டுக் குடத்தின் மேல் வீசப்பட்டதாகும்.

செல்ல விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாயிருக்கும். அக்காலத்தில் சோலை விளிம்புகளில் காட்டுப்பூவரசு செந்நிறமாய்ப் பூத்திருப்பதைக் காணலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல். கம்பளியும் கட்டுச்சோறும் எடுத்துச் செல்லுங்கள். சோறு கட்டிய இலையையும் தாளையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். சாவடியில் காவலர் பையைத் திறந்து பார்ப்பார்.